ஏரோப்ளேனுக்கு விரித்த போர்வை

நான் கனவு காண்கிற ஆள் இல்லை. ஆடு திருடியவன், வரப்பு வெட்டியவன், சாராயம் காய்ச்சியவன் என்று எல்லோருடைய வாக்குமூலத்தையும் முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதி எழுதி விரல் காய்த்துப்போன ரைட்டர் தாண்டவராயன் நான். எதையும் நேரில் பார்க்காமல் நம்ப மாட்டேன். பார்த்தாலும் பாதிதான் நம்புவேன். அப்படிப்பட்ட என்னை ஒரு பழந்துணி மூட்டையின் மேல் உட்கார வைத்துப் பட்டப்பகலில் கனவு காண வைத்தவள் அம்சா. அவளைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக நினைப்பு.

பெருமுக்கல் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் அவளுடையது. ஒன்றரைக் காணி மானாவாரி நிலம், மழை பெய்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, பெய்யாவிட்டால் வெறும் மண். மழையும் பொய்த்து யுத்தமும் நடந்த நாற்பத்திரண்டாம் வருஷம், ஆடி மாசத்தில், விழுப்புரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் புருஷன் போனான். போனவன் வீட்டுக்குக்கூடத் திரும்பாமல் அப்படியே ரயிலேறிவிட்டான். அதற்குப் பிறகுதான் அம்சாவுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது. மாசி மாசம் பெண் குழந்தை பிறந்தது. கெங்கம்மாள் என்று பேர் வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். தனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று தெரியாமலேயே அந்த மனுஷன் சண்டையில் செத்துப்போய்விடக் கூடாது.

அவனிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. கூட இருந்த யாரோ எழுதிக் கொடுத்தது. மேலே பட்டாளத்து நம்பர். நடுவில், 'ஏரோப்ளேன் வேலையில் இருக்கிறேன், சௌக்கியம், இடம் எழுதக் கூடாது'. அடியில், 'இப்படிக்கு உன் புருஷன்'. அவ்வளவுதான். அம்சா திண்டிவனம் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற ஒரு கிழவரைப் பிடித்து மூன்று கடிதம் போட்டாள். மூன்றும் மாசக்கணக்கில் சுற்றிவிட்டு, சிவப்பு மையில் இங்கிலீஷ் கிறுக்கலோடு திரும்பி வந்தன. கிழவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பிடி ஒரு ஆளே அங்க இல்லியாம்மா" என்றார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அம்சாவும் அழுதாள்தான். ஆனால் அவள் களை பறிக்கும்போதே நிமிர்ந்து நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ரகம். பக்கத்துப் பெண்கள் இரண்டு பாத்தி முன்னால் போன பிறகுதான் அவளுக்குத் தன் நினைவு வரும். அப்படி நின்ற ஒரு நாள் உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து ஒரு விமானம் வந்து, பெருமுக்கல் மலையைத் தாண்டி, கடல் பக்கமாகப் போயிற்று. அந்த வருஷத்தில் விமானங்கள் அடிக்கடி பறந்தன. மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அம்சா கையை ஆட்டினாள். ஏரோப்ளேன் வேலை என்றால் ஏரோப்ளேனில் இருக்கிற வேலை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். என்றைக்காவது ஒரு நாள் அவன் இந்த வழியாகப் போவான், குனிந்து தன் ஊரைப் பார்ப்பான். பார்க்கிறவனுக்குச் சேதி தெரிகிற மாதிரி கீழே ஏதாவது இருக்க வேண்டும்.

அவளிடம் ஒரு கைத்தையல் மெஷின் இருந்தது. புதுச்சேரி மில்லில் வேலை பார்த்த அவள் அண்ணன் கல்யாணச் சீராகக் கொடுத்தது. பசுமாடு கொடுத்திருந்தால் பால் கறந்திருக்கலாம், இது எதைக் கறக்கும் என்று ஊரே கேலி பேசியதாம். வலது கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், இடது கையால் துணியைப் பிடிக்க வேண்டும். அதுவரை அந்த மெஷினில் ரவிக்கையும் தலையணை உறையும்தான் தைத்திருந்தாள். அந்த மெஷினில்தான் பன்னிரண்டு முழ அகலமும் பதினாறு முழ நீளமுமான ஒரு போர்வையைத் தைத்தாள்.

அளவை அவள் சும்மா முடிவு செய்யவில்லை. இதைக் கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முதலில் ஒரு புடவையை வீட்டு வாசலில் விரித்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெருமுக்கல் மலை உச்சிக்கு ஏறிப் பார்த்தாளாம். புடவை இருக்கிற இடமே தெரியவில்லை. மறுநாள் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி நான்கு புடவையை விரித்துவிட்டு ஏறினாள். நகக்கண் அளவுக்குத் தெரிந்தது. எட்டுப் புடவையை விரித்தபோது, இன்ன நிறம் என்று சொல்கிற அளவுக்குத் தெரிந்தது. விமானம் மலையைவிட மேலே போகிறது, அதனால் போர்வையை மலைமேலேயே கொண்டுபோய் விரித்துவிட்டால் பாதித் தூரம் மிச்சம் என்று கணக்குப் போட்டாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் போட்ட கணக்கு இது.

துணிக்குத்தான் திண்டாட்டம். அப்போது துணிக்குக் கன்ட்ரோல். உடுத்திக்கொள்ளவே இல்லாத காலம். அவள் புருஷனுடைய இரண்டு வேட்டி, கிழிந்த துப்பட்டி, மல்லாட்டை மூட்டை கட்டிய கோணி, எல்லாவற்றையும் வெளுத்து எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அஞ்சம்மாளின் மகனும் பட்டாளத்தில்தான் இருந்தான். "ஒம் புருசன் பாக்கறப்ப எம் புள்ளையும் கூட இருந்தான்னா?" என்று அவள் தன் நீலப் புடவையைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஒரு கைத்துண்டு, ஒரு முந்தானை என்று கொண்டுவந்தார்கள். அண்ணன் மில்லிலிருந்து கழிவு நூல் அனுப்பினான்.

ஒரு முழ அகலத்துக்கு நீள நீளமான பட்டைகளாக, கீழே கோணி, மேலே துணி வைத்து முதலில் தைத்துக்கொண்டாள். பிறகு பட்டையோடு பட்டையை இணைக்க வேண்டும். மெஷினின் கைக்கு அடியில் இருக்கிற சந்து ஒரு சாண்கூட இருக்காது. நாலு பட்டை சேர்ந்ததுமே, கனத்தில் துணியைத் தள்ளவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. ஊசி மூன்று உடைந்தது. ஒரு பகல் பூராவும் மெஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பிறகு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனாள். போர்வையைத் தரையில் விரித்துப் போட்டாள். அது அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, மெஷினை நகர்த்தினாள்.

நாற்று நடுகிற பெண்கள் எப்படிக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போவார்கள்? அதே மாதிரிதான். குந்தி உட்கார்ந்து ஒரு சாண் தைப்பாள். மெஷினைத் தன் பக்கம் ஒரு சாண் இழுப்பாள். தானும் ஒரு சாண் பின்னால் நகர்வாள். புதுப் பட்டை மட்டும் மெஷினின் சந்துக்குள் இருக்கும், தைத்து முடிந்த பெரிய போர்வை இடது பக்கம் சும்மா படுத்துக் கிடக்கும். களத்தில் நாற்று நடுகிறவள் என்று ஊர் சிரித்தது. அவளுக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏரோப்ளேன் சத்தம் மாதிரியே இருக்கும், அவரும் இதே மாதிரிதான் எங்கேயோ சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு இருப்பார் என்று தோன்றும் என்றாள். பின்னால் ஸ்டேஷனில் அவளிடம் எடுத்த வாக்குமூலத்தில் இதையும் நான் எழுதியிருக்கிறேன். வெட்டவில்லை.

சரி, போர்வையில் என்ன சேதி? அவளுக்கு எழுதத் தெரியாது. புருஷனுக்கும் படிக்கத் தெரியாது. அதனால் நடுவில், வெளுத்த வேட்டித் துணியில், ஆறு முழ அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வட்டம். அதற்கு வலது பக்கம் கொஞ்சம் தள்ளி, ஒரு முழத்தில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம். சிவப்பு, அவள் நெற்றிப் பொட்டு. கறுப்பு, குழந்தையின் கன்னத்தில் கண்ணேறுக்கு வைக்கிற மைப்பொட்டு. நான் இருக்கிறேன், கூட ஒரு பிள்ளையும் இருக்கிறது. எந்தத் தமிழனுக்கும் புரியும் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை.

கிணறு வெட்ட வட்டம் போடுகிற மாதிரி முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, கரியால் கோடு இழுத்தாள். கறுப்புக்குப் பழைய குடைத்துணி கிடைத்தது. சிவப்புக்கு ஊரில் எங்கேயும் துணி கிடைக்கவில்லை. அம்சா தன் கூறைப் புடவையை எடுத்துக் கத்தரித்துவிட்டாள். புருஷன் சண்டையில் இருக்கும்போது கூறைப் புடவையில் கத்தரி வைக்கிறவளும் உண்டா? அஞ்சம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாளாம். ஒவ்வொரு பட்டையிலும் சிவப்பைத் தனித்தனியாகத் தைத்துவிட்டுச் சேர்த்ததில் ஓர் இடத்தில் வட்டம் விரல்கடை அளவு விலகிப் போயிற்று. பிரித்துத் தைக்க நூல் இல்லை. கோணல் பொட்டாகவே நின்றுவிட்டது.

நாற்பத்து நாலு ஆனியில் ஊர்ப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து அந்தப் போர்வையைச் சுருட்டி மலைக்குத் தூக்கிப்போய், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பாறையில் விரித்து, ஓரத்தில் கல் வைத்தார்கள். நாலாம் நாள் கிராம முன்சீப்பின் ரிப்போர்ட் திண்டிவனத்தில் எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தது. 'மலைமேல் ஒரு ஸ்திரீ ஜப்பான்காரன் கொடியை விரித்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் குண்டு போட வேண்டிய இடத்துக்குக் கறுப்புக் குறியும் போட்டிருக்கிறாள்.'

சப்-இன்ஸ்பெக்டர் வேங்கடேசனுக்கு வயது இருபத்தெட்டு. ஜப்பான் கொடி என்றதும் அவர் கண்ணில் பிரமோஷன் தெரிந்தது. ஜல்தியாகக் கிளம்பு என்று என்னையும் மலையேற வைத்தார். உச்சிக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். காற்று உள்ளே புகுந்து அவ்வளவு பெரிய போர்வை மெதுவாக மேலே எழும்பி, மெதுவாக அடங்கிக்கொண்டிருந்தது. மலையே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. கறுப்பு வட்டத்தின் மேல் ஒரு குழந்தை அம்மணமாக உட்கார்ந்து கல்லை உருட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் நான் போலீஸ்காரன் என்பதே எனக்கு ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

"யாரு இத விரிச்சது?" என்று சப்-இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டார்.

"நான்தாங்க" என்று அம்சா எழுந்து வந்தாள். "ஓரமா வாங்க, பூட்ஸ் கால மேல வச்சுடாதீங்க."

"ஜப்பான்காரனுக்குச் சைகை காட்டிக்கினு இருக்கியா நீ?"

"அவங்கள எனக்குத் தெரியாதுங்க. எங்க ஊட்டுக்காருக்குத்தான் காட்டிக்கினு இருக்கேன்."

"உங்க ஊட்டுக்காரு எங்க?"

அவள் விரலை நேராக மேலே காட்டினாள். சப்-இன்ஸ்பெக்டர் சட்டென்று தொப்பியைக் கழற்றிவிட்டு, "அடப் பாவமே, எப்ப தவறிப்போனாரு?" என்றார்.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? ஏரோப்ளேன்ல இருக்காருங்க!"

போர்வையைச் சுருட்டிக் கட்டைவண்டியில் ஏற்றி, அவளையும் குழந்தையையும் அஞ்சம்மாளையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தோம். நான் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். மேலே சொன்ன கதை எல்லாம் அப்போது அவள் சொன்னதுதான். என் சர்வீஸிலேயே நீளமான வாக்குமூலம் அது. கடைசியில், புருஷன் பேர் என்ன என்று கேட்டேன். பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள் என்பது தெரியாதவனா நான்? சாடையாகச் சொல்லு என்றேன்.

"வில்லு வச்சிக்கினு நிப்பாரே, அந்தப் பெருமாளு பேருங்க" என்றாள்.

ராமசாமி என்று எழுதப் பேனாவை வைத்துவிட்டேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்து, திரும்பி வந்த கடிதங்களை வாங்கிப் பார்த்தேன். மூன்று கவரிலும் சந்தைக் கிழவரின் கையெழுத்தில் 'ராமசாமி' என்றுதான் இருந்தது. அஞ்சம்மாளிடம் கேட்டேன்.

"கோதண்டபாணிங்க" என்றாள் அஞ்சம்மாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் கோபப்படுவது? பேரைச் சொல்லாதவள்மேலா, பாதி கேட்டுவிட்டுத் தானாக எழுதியவர்மேலா? நானும் அதையேதானே எழுத இருந்தேன்! விஷயத்தை அவளிடம் எடுத்துச் சொன்னேன். அம்சா குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அப்ப இவ பொறந்தது அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன். எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ கெட்ட சேதி சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் எனக்கு நினைவில் நிற்கிறது.

அவளை எச்சரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் கேஸ் கேஸ்தான். புருஷன் உண்மையிலேயே பட்டாளத்தில் இருக்கிறானா என்று விசாரித்து எழுத வேண்டும். அவன் சேர்ந்தது விழுப்புரத்தில். அங்கே சாட்சியாகக் காட்ட, நான் போர்வை மூட்டையோடு ரயிலேறினேன். பெட்டியில் இடம் இல்லை; மூட்டையைக் கதவோரம் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தேன். மயிலம் தாண்டியதும் கண் சொருகிவிட்டது. நான் அந்தப் போர்வையின் மேல் உட்கார்ந்து வானத்தில் போய்க்கொண்டிருக்கிறேன். கீழே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு துணி விரித்திருக்கிறது. சிலது பாய் அளவு, சிலது கைக்குட்டை அளவு. எல்லாம் யாரோ யாருக்கோ சொல்கிற சேதி. படிக்க வேண்டியது நான். எனக்கோ எழுத்தே மறந்துபோயிருக்கிறது. என் வீட்டு வாசலையும் தேடினேன். அங்கே என் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதை என் பெண்சாதி எனக்காக விரித்தாளா, இல்லை துவைத்துத்தான் போட்டாளா என்று யோசிப்பதற்குள் முண்டியம்பாக்கம் வந்துவிட்டது. இறங்கும் வரைக்கும் மனசு ஒரு மாதிரியாகவே இருந்தது.

விழுப்புரத்தில் ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். கோதண்டபாணி இருந்தான். நம்பரும் சரியாக இருந்தது. பட்டாளத்துக்கு எழுதுகிற கடிதத்தை இங்கிலீஷில் நானே தயார் செய்தேன். மேற்படி நபரின் மனைவி, மலை, போர்வை, சிவப்பு வட்டம் என்று முறையாக எழுதிவிட்டு, கறுப்பு வட்டம் என்பது மேற்படி நபருக்குப் பிறந்துள்ள பெண் குழந்தையைக் குறிப்பதாகும் என்று ஒரு வரி சேர்த்தேன். விசாரணைக்கு அந்த வரி அவசியமா என்று கேட்டால், அவசியம்தான்.

பதிலுக்கு ஐந்து மாசம் ஆயிற்று. அந்த ஐந்து மாசமும் அம்சா ஒவ்வொரு சந்தைக்கும் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள். கேஸ் முடிகிற வரைக்கும் போர்வை எங்கள் ஸ்டேஷனில்தான் கிடந்தது; அதை எலி கடிக்கும், வெயிலில் போட வேண்டும் என்பாள். ஸ்டேஷன் முற்றத்தில் அது பாதிதான் விரியும்; பொட்டு மேலே வருகிற மாதிரி மடித்துப் போடுவாள். கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு முனை பிடிப்பார்கள். வானத்தில் சத்தம் கேட்டால் எல்லோருமே அண்ணாந்து பார்த்தோம். ஒரு தடவை சப்-இன்ஸ்பெக்டரும் பார்த்தார். பார்த்துவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று எங்களிடம் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

கார்த்திகை மாசக் கடைசியில் பதில் வந்தது. சந்தை நாள். அம்சா முற்றத்தில் இருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னேன். மேற்படி கோதண்டபாணி உயிரோடு இருக்கிறார். மலேரியாவில் படுத்து, இப்போது கிழக்கு எல்லையில் ஓர் ஆஸ்பத்திரியில் தேறி வருகிறார். அவர் விமானத்தில் பறப்பவர் அல்ல. விமானம் இறங்குகிற தரையில் மண்ணடித்துச் சமன் செய்கிற வேலையில் இருப்பவர். இதுவரை ஒரு முறைகூட விமானத்தில் ஏறியதில்லை.

அம்சா அதற்கு வருத்தப்படவில்லை. "தரையிலதான் இருக்காரா? கீழ விழ மாட்டாரு" என்றாள்.

கடைசிப் பாராவை இரண்டு தடவை எனக்குள் படித்துவிட்டுத்தான் சொன்னேன். 'தமக்கு மகள் இருப்பது தங்கள் கடிதத்தின் மூலமே இவருக்குத் தெரிய வந்தது. விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்று எடுத்துச் சொல்லியும், பின்வரும் கேள்வியை எழுதியே ஆக வேண்டும் என்கிறார். குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது?'

அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். நடுவில் சிரிக்கவும் செய்தாள். நான் கெங்கம்மாளைத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொன்னேன். அவள் திறக்கவில்லை. வெல்லம் காட்டினேன். திறந்தாள். விரலை விட்டு எண்ண ஆரம்பித்தேன், நறுக்கென்று கடித்தாள். சப்-இன்ஸ்பெக்டர் வந்து தாடையைப் பிடித்துக்கொள்ள, மறுபடி எண்ணினேன். மேலே எட்டு, கீழே எட்டு. நான் எதையும் நேரில் பார்த்துத்தான் எழுதுவேன். காகிதத்தை எடுத்து, பதில்: பதினாறு என்று எழுதப் போனேன்.

"ரைட்டர் ஐயா" என்று அம்சா முகத்தைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "கீழக் கடவாய்ல இன்னொண்ணு மொளச்சிக்கினு இருக்குங்க. காயிதம் அவரு கைக்குப் போய்ச் சேரத்துக்குள்ள அது வெளிய வந்துடும். அதையும் சேத்து எழுதிடுங்க."

நான் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினேழு என்று எழுதி, நேரில் எண்ணிப் பார்க்கப்பட்டது என்று அடியில் கையெழுத்துப் போட்டேன்.